மருந்து நோயாளியின் உரிமை

இரத்தப் புற்றுநோய் என்றாலே மரணம் என்று அஞ்சிய காலம் இருந்தது. அதன் ஒரு வகையைக் கட்டுப்படுத்த 2001-இல் இமாட்டினிப் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை? சுவிஸ் நிறுவனமான நோவார்ட்டிஸ் இந்தியாவில் விற்றது மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு! இந்திய நிறுவனங்களோ அதே மருந்தை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குத் தந்தன.

நோவார்ட்டிஸ் தனக்கே காப்புரிமை கோரியது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று எதிர்த்து நின்றது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கோரிக்கையை மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அறிந்த மருந்தின் புது வடிவம் நோயை முன்னினும் நன்கு தீர்த்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்பதே தீர்ப்பு. மலிவு மாத்திரை நிலைத்தது.

தோழியரே, நோயாளி கேட்பது இரக்கம் அன்று. எட்டும் விலையில் மருந்து. வாழும் உரிமை என்பது அதுவே அன்றோ?