இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் ஒரு அக்காவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். 1983 கலவரத்தின் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்து, முகாமில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, 2010 இல் இரண்டு பிள்ளைகளுடன் தன் பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரே காம்பராவில் ஏழு பேர். அடுப்பும் அங்கேதான்.

அடுத்த வருடம் அவருக்கு இருமல் தொடங்கியது. பனி என்றார்கள், பிறகு அடுப்புப் புகை என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளையும் விழுங்கினார். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, நாளுக்கு நாள் மெலிவு. கொழுந்துக் கூடையுடன் மலை ஏற முடியாமல் போனபோதுதான் பதுளைக்குச் சென்று சளியைப் பரிசோதித்தார். காசநோய் என்று தெரிந்தது.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. பசி எடுத்தது, உடம்பும் தேறியது. அத்துடன் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"சொகமாயிருச்சுன்னு நெனச்சேன் தங்கச்சி. கிளினிக்குக்குப் போனா அன்னைக்குப் பேரு இல்ல. லயத்துலயும் ஒரு மாதிரியாப் பேசுறாங்க. மகளும் வளந்துட்டா" என்றார்.

அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நாட்கூலி, ஊர்வாய், மகளின் எதிர்காலம் என்று அவர் போட்டது, தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் எந்தப் பெண்ணும் போடும் கணக்கே. ஆனால் அந்தக் கணக்கில் கிருமி சேரவில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமி

நோயாளியின் நுரையீரலில் காசநோய்க் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஒரு சில, ஏதோவொரு மருந்துக்குச் சாகாத தன்மையைத் தற்செயலாகவே பெற்றிருக்கும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை அழிய, அந்தச் சில மிஞ்சிப் பெருகும். இந்நோய்க்கு முதலில் கிடைத்த வலிமையான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 107 நோயாளரிடம் செய்யப்பட்டு 1948 இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்கள் தொடக்கத்தில் நன்கு தேறினர். ஆனால் சில மாதங்களிலேயே பலரது கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்தது.

இதனால்தான் இன்று பல மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. வழமையான காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகள். ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றது கொல்லும். முதல் மாதங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் அழிவதால் இருமல் நின்றுவிடும். உறங்கிக் கிடப்பவற்றை அழிக்கவே மீதி நான்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. இடையில் விட்டால், அல்லது விட்டுவிட்டுக் குடித்தால், மிஞ்சும் கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவை தலையெடுக்கலாம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத நோயே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் எனப்படுகிறது. அவ்வாறான ஒருவர் இருமும்போது பிள்ளைக்குத் தொற்றுவதும் அதே அடங்காத கிருமிதான்.

எமது அக்காவுக்கு நடந்தது இதுவே. சில மாதங்களில் இரத்தத்துடன் இருமல் திரும்பியது. வெலிசறை வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்துச் சிகிச்சை 20 மாதங்களுக்கு மேல் நீடித்தது. அதில் பல மாதங்கள் ஊசி. பிள்ளைகள் பெரியம்மாவிடம் வளர்ந்தார்கள். நோய் குணமானது. ஆனால் அந்த ஊசி மருந்துகளின் பக்கவிளைவாக ஒரு காது மந்தமாகிவிட்டது. இன்று நிலைமை மாறியுள்ளது. இவ்வகை நோயாளர் பலருக்கு, ஊசியில்லாத ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை 2022 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எனினும் முதல் தடவையே முழுமையாகக் குடித்து முடிப்பதே இலகுவான வழி.

ஒதுக்கி வைக்கத் தேவையில்லை

1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையமொன்று ஆரம்பிக்கப்பட்டது. வறிய, நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து குடித்தவர்களையும், சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்று மருந்து குடித்தவர்களையும் அங்கு ஒப்பிட்டுப் பார்த்தனர். 1959 இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். அவர்களது வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றிய பாடம் இது. ஒழுங்காக மருந்து குடிப்பவரைத் தனியறையிலோ தனிக் கோப்பையிலோ ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. காசநோய் பாத்திரத்தால் பரவுவதில்லை, காற்றால் பரவுகிறது.

சகோதரிகளே, கவனியுங்கள்

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

* தினமும் பதுளைக்குப் போவது சிரமமென்றால், அருகிலுள்ள அரச வைத்திய நிலையத்தில் மாத்திரை பெற ஒழுங்கு செய்யுமாறு கேளுங்கள்.

* ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

* அதே மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். குடும்பநல உத்தியோகத்தரிடம் வேறு முறை கேளுங்கள்.

* வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி சிறுபிள்ளைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் அது முழுமையான பாதுகாப்பல்ல.

* மிஞ்சிய அன்டிபயோடிக் மாத்திரையைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்க வேண்டாம்.

எல்லா இருமலும் காசநோயல்ல. ஒரு பிள்ளைக்கு நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்து, எடையும் ஏறாமல், முத்தமிடும்போது வியர்வை மிகவும் உப்பாக இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் அரிதான பரம்பரை நோயின் அறிகுறியாக அது இருக்கலாம். அப்பிள்ளைகளின் நுரையீரலில் குடிகொள்ளும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும், காலப்போக்கில் மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன.

அந்த அக்கா இன்று தன் லயத்தில் மாத்திரை குடிக்கும் இன்னொரு பெண்ணுடன் கிளினிக்குக்குப் போகிறார். அன்று அவருக்கும் பேர் இல்லை. "நமக்கு அன்னைக்குக் கூட வர ஆளு இல்ல தங்கச்சி" என்றார். உங்கள் லயத்திலும் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். நாளைக்கு ஒரு தடவை "மாத்திரை குடிச்சீங்களா?" என்று கேட்பதும் ஒரு பெரிய உதவியே.