சொந்த எஞ்சினும் நெடுஞ்சேவையும்

விழா மலர் ஒன்றிலே நெடுஞ்சேவையைப் பற்றி எழுதுவது பொருத்தமானதே. அதிபர்களும் ஆசிரியர்களும் ஆற்றிய சேவையைப் பிறர் எழுதுவர். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது இரும்பு ஆற்றிய சேவையை. தமிழ் கற்பிப்போருக்குத் தண்டவாளத்தில் என்ன அலுவல் என்று விஞ்ஞான ஆசிரியர்கள் முறுவலிக்கக்கூடும். ஆயினும், ஒரு தொழிற்கருவி ஒரு தலைமுறைக்கு மேலாக அயராது உழைப்பதற்குக் காரணம் யாது என்னும் வினா எல்லார்க்கும் உரியது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, இங்கிலாந்திலே தனியார் ஒருவர் சொந்தமாக வாங்கி ஓடவிட்ட சரக்கு டீசல் எஞ்சின்களின் வரலாறு பெரிதும் உதவும்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலே, சமர்செற் என்னும் பகுதியில், மென்டிப் குன்றுகள் உள்ளன. அவை சுண்ணாம்புக்கல் நிறைந்தவை. இலண்டன் மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், வீதி அமைப்பதற்கு ஏற்ற வன்கல் அங்கே அகப்படுவதில்லை. ஆகவே மென்டிப்பில் உடைத்த கல்லை நூறு மைலுக்கு அப்பாலும் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. கல்லோ பாரம் மிக்கது, விலையோ குறைந்தது. அத்தகைய பண்டத்தைத் தூர இடத்துக்கு மலிவாகக் கொண்டுசெல்லப் புகையிரதத்தினும் சிறந்த சாதனம் இல்லை. 1923 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பொஸ்ரர் யோமன் என்னும் கல்லுடைக்கும் கம்பனி, மியர்ஹெட் என்னும் இடத்திலுள்ள தன் பெருங் கற்குழியிலிருந்து இவ்வாறே கல்லை அனுப்பிவந்தது.

பிரித்தானியாவின் புகையிரதப் பாதைகள் 1948 இல் அரசுடைமையாயின. 1980 களின் தொடக்கத்திலே கல் ஏற்றும் பெட்டிகள் கம்பனிக்குச் சொந்தமாக இருந்தன. பாதையும் எஞ்சினும் சாரதியும் அரச புகையிரத நிருவாகத்துக்கு உரியவை. பெட்டிகளில் கல் நிறைந்திருக்கும். இலண்டனில் அதனை வாங்குவோர் காத்திருப்பர். எஞ்சின் மட்டும் வந்து சேராது. வந்த எஞ்சினும் சிலபோது இடைவழியிற் பழுதுற்று நின்றுவிடும். இதனைக்கொண்டு அரச ஊழியரைச் சோம்பர் என்று இகழ்தல் நியாயமன்று. அவர்களுடைய எஞ்சின்கள் இன்று நிலக்கரிக்கும், நாளை எண்ணெய்க்கும், மறுநாள் உருக்குக்குமாக நாடெங்கும் அலைந்து திரிந்தவை. பலர் வீட்டு வேலையை ஒருங்கே ஏற்ற ஏவலாளனைப் போன்றவை அவை. கல்லுக் கம்பனிக்கோ ஒரே தொழில், ஒரே வழி. அந்த வழியிலே ஒருநாள் தாமதம் என்றால் ஒருநாள் நட்டம்.

இந்நிலையிற் கம்பனியார் ஒரு துணிவான எண்ணங் கொண்டனர். எஞ்சினைத் தாமே வாங்கினால் என்ன? அதற்கு முன்னரே, 1980 இல், அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் செய்த சிறிய எஞ்சின் ஒன்றைக் கற்குழிக்குள்ளே பெட்டிகளை நகர்த்துவதற்கென வாங்கியிருந்தனர். அது நாள் தவறாது வேலை செய்தது. சிறியதனிடம் கண்ட நம்பிக்கையே பெரியதனை வாங்கத் தூண்டிற்று. ஆயினும் வெறும் நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் பணத்தைக் கொட்டிவிடவில்லை. எஞ்சின் வேலைக்கு ஆயத்தமாக இருக்கவேண்டிய காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அது ஆயத்தமாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அதாவது, நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் அது பட்டறையிற் படுத்திருத்தல் கூடாது. ஜெனரல் மோட்டர்ஸ் அவ்வுறுதியை அளித்தது. 1984 இல் நான்கு எஞ்சின்களுக்குக் கட்டளை பிறந்தது. 1986 இன் தொடக்கத்தில் அவை கப்பலில் வந்து இறங்கின. அரச புகையிரதத்தின் தலைமைப் பாதைகளில் ஓடிய முதலாவது தனியார் டீசல் எஞ்சின்கள் இவையே. வகுப்பு 59 என்பது அவற்றின் இனப்பெயர்.

இவ்வேற்பாட்டில் இருதரப்பாரும் விட்டுக்கொடுத்தமை நோக்கற்பாலது. எஞ்சின் கம்பனிக்குரியது, அதனைப் பேணும் பொறுப்பும் கம்பனிக்கே உரியது. ஓட்டுபவரோ அரச புகையிரதச் சாரதி. ஓடும் பாதையும் அரசுக்கு உரியது. எனவே, தனியார் முயற்சி என்று நாம் கூறும் இது, பொதுமக்கள் பணத்தால் அமைந்த பாதையின் மீதே நிகழ்ந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இனி, இவ்வெஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். டீசல் எஞ்சின் சில்லுகளை நேரே சுழற்றுகின்றது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. பதினாறு சிலிண்டர்கள் கொண்ட டீசல் இயந்திரம் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகின்றது. அங்கே பிறக்கும் மின்சாரம் ஆறு அச்சுகளிலும் பொருத்தப்பட்ட மோட்டர்களுக்குச் செல்கின்றது. அம்மோட்டர்களே சில்லுகளை உருட்டுகின்றன. ஆகவே இதனைத் தன் மின்சார நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் வண்டி எனலாம். இதன் வலு 3,300 குதிரை வலு. நிறை 120 தொன்னுக்கு மேற்பட்டது.

வலு மட்டும் இருந்தாற் போதுமா? வழுவழுப்பான உருக்குத் தண்டவாளத்தின்மீது வழுவழுப்பான உருக்குச் சில்லு நிற்கின்றது. பாரமான தொடரை இழுக்கத் தொடங்கும்போது, சேற்றில் அகப்பட்ட மாட்டுவண்டிச் சில்லைப்போல, இச்சில்லும் இருந்த இடத்திலே வீணாகச் சுழலக்கூடும். பழைய எஞ்சின்களில் அவ்வாறு வழுக்கியவுடன் வலுவைக் குறைத்து, மணலைத் தூவி, மீண்டும் முயல்வார்கள். இவ்வெஞ்சினிலோ ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் நிலத்தின்மேல் உண்மையாக நகரும் வேகத்தை றேடார்க் கருவி ஒன்று அளக்கின்றது. சில்லு சுழலும் வேகம் அதனினும் மிகச் சிறிதளவே கூடியிருக்குமாறு மின்சாரம் கட்டுப்படுத்தப்படுகின்றது. முற்றாக வழுக்கினாற் பிடி அற்றுப்போம். சற்றே ஊர்ந்து வழுக்கினாற் பிடி உச்சநிலை அடையும் என்பதைப் பொறியியலாளர் கண்டறிந்திருந்தனர். இந்நுட்பத்தாலே ஒரே எஞ்சின் 4,000 தொன்னுக்கு மேற்பட்ட கற்றொடர்களை இழுத்துச் செல்லலாயிற்று. அத்தகைய நெடுந்தொடர்கள் இலண்டனின் மேற்கிலுள்ள அக்ரன் என்னும் இடத்துக்கு ஒன்றாகச் சென்று, அங்கே பிரிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு ஏகின.

1991 மே 26 ஆந் தேதி நடந்த ஒரு பரீட்சை இவ்விடத்திற் கூறத்தக்கது. இவ்வின எஞ்சின்கள் இரண்டு சேர்ந்து 11,982 தொன் நிறையுள்ள தொடர் ஒன்றை இழுத்தன. ஐரோப்பாவிலே அதுவரை அத்துணைப் பாரமான தொடர் ஓடியதில்லை. ஓட்டத்தின் நடுவே பெட்டிகளை இணைக்கும் கொளுக்கி ஒன்று அறுந்துவிட்டது. எஞ்சின்கள் சோரவில்லை, இணைப்பே சோர்ந்தது. தலைவன் எத்துணை வலியனாயினும், தொடரின் வலிமை அதன் மிக மெலிந்த கொளுக்கியின் வலிமையே என்பதை நிருவாகம் புரிவோர் இதனால் உணரலாம்.

முதலில் வந்த நான்கின் பயனைக் கண்டு, 1989 இல் ஐந்தாவது வாங்கப்பட்டது. அயலிலே வொற்லி என்னும் இடத்திற் கல்லுடைத்த ஏ.ஆர்.சி. என்னும் போட்டிக் கம்பனியும் 1990 இல் நான்கு வாங்கிற்று. தன் எஞ்சின்களுக்கு அது கற்குழியைச் சூழ்ந்த நான்கு கிராமங்களின் பெயர்களையே சூட்டியது. வெடியோசையையும் கற்றூளையும் பொறுத்துக்கொண்ட அயலூராரின் பெயர் நாடெங்கும் ஓடியது. பின்னர் மின்சார நிலையங்களை நடத்திய நாஷனல் பவர் கம்பனி 1994, 1995 ஆம் ஆண்டுகளில் ஆறு எஞ்சின்களைப் பெற்றது. இவ்வாறு இவ்வினத்தின் தொகை பதினைந்தாயிற்று.

உரிமையாளர் மாறினர், எஞ்சின்கள் மாறவில்லை. போட்டியிட்ட இரு கல்லுக் கம்பனிகளும் 1993 இல் மென்டிப் ரெயில் என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்துத் தம் எஞ்சின்களை ஒரே கொட்டிலிற் பேணத் தொடங்கின. நாஷனல் பவரின் ஆறும் 1998 இல் ஈ.டபிள்யூ.எஸ். என்னும் சரக்குப் புகையிரத நிறுவனத்தின் கைக்குச் சென்றன. முதல் நான்கினுள் மூன்றாவதாகிய ‘யோமன் ஹைலாண்டர்’ 1997 இல் ஜேர்மனிக்குச் சென்று உழைத்து, 2014 இல் வேறோர் உரிமையாளரின்கீழ் இங்கிலாந்துக்கு மீண்டது. 2019 இல் மென்டிப் கற்போக்குவரத்து பிரைற்லைனர் என்னும் நிறுவனத்திடம் சென்றபோது, மென்டிப் எஞ்சின்களும் அதனிடமே சேர்ந்தன. 2020 களிலும் இவ்வினத்தின் எஞ்சின்கள் கல் இழுத்தன. இதற்கிடையில், புகையிரதம் தனியார்மயமான பின் ஈ.டபிள்யூ.எஸ். நிறுவனம் 1996 இல் 250 புதிய எஞ்சின்களுக்குக் கட்டளை அனுப்பியபோது, இவற்றின் உடலமைப்பையே அவற்றுக்கும் மாதிரியாகக் கொண்டது. நான்கு எஞ்சின் வாங்கிய கல்லுடைப்போர் ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்துக்கே வழிகாட்டிவிட்டனர்.

இத்துணைக் காலம் இவை நிலைத்தமைக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, வாங்குமுன் ஆராய்ந்தமை. புதுமையை நாடாது, ஏலவே அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 எஞ்சின்களாகச் செய்யப்பட்டு அனுபவத்தில் தேறிய ஓரினத்தைத் தழுவியே இவை அமைக்கப்பட்டன. அதனால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சம் நேரவில்லை. இரண்டாவது, பழுதுபார்க்க இலகுவான அமைப்பு. ஒரு சிலிண்டர் கெட்டால் அதனையும் அதன் மூடியையும் உள்ளே இயங்கும் ஆடுதண்டையும் ஒருங்கே கழற்றிப் புதியதை வைக்கலாம். எஞ்சின் முழுவதையும் பிரித்தல் வேண்டா. மூன்றாவது, தகுதிக்கேற்ற தொழில். முதலில் வந்தவை மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓடுவதில்லை. விரைந்தோட வேண்டுமென்று அவற்றை எவரும் வருத்தவில்லை. நான்காவதும் தலையாயதும், பேணுவோரின் கவனம். எஞ்சின் நின்றாற் கல் நிற்கும், கல் நின்றாற் கூலி நிற்கும் என்பதை மியர்ஹெட் கொட்டிலிலே எண்ணெய் ஊற்றியவனும் அறிந்திருந்தான்.

அப்படியாயின், தனியார் உடைமை மட்டுமே நெடுங்காலம் வாழுமோ? அவ்வாறு முடிவுசெய்வது அவசரமாகும். அதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. ஏ.ஆர்.சி. கம்பனியின் எஞ்சின்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. அதே தொழிற்சாலையிலிருந்துதான், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியாக, 1954 முதல் எம்2 இன எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தன. கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கிய அவற்றை நம் பழைய மாணவர் பலர் அறிவர். யாழ்தேவியை இழுத்தவற்றுள் அவ்வினத்தவையும் உண்டு. அவற்றின் இயந்திரம் மென்டிப் எஞ்சின்களின் இயந்திரத்துக்கு மூத்த உறவு. 2004 டிசம்பர் 26 இல் பெரலியவிலே கடல் பொங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டபோது, அப்புகையிரதத்தை இழுத்து வந்தது 591 ஆம் எண் ‘மனிற்றோபா’. கவிழ்ந்து உப்புநீரில் மூழ்கிய அவ்வெஞ்சினை நம் அரச புகையிரதத் தொழிலாளர் செப்பனிட்டு மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றினர். அது தனியார் உடைமையன்று; அதனைப் பழுதுபார்த்தோருக்கு இலாபத்திற் பங்கும் இல்லை. எனினும், அதனைத் தம்முடையதாகவே அவர்கள் கருதினர்.

ஆகவே, உறுதிப் பத்திரத்தில் எழுதப்படும் உரிமையினும் உள்ளத்தில் எழுதப்படும் உரிமையே பெரிது எனத் துணியலாம். கல்லுக் கம்பனியார்க்கு அவ்வுரிமையுணர்வைப் பணம் தந்தது. நம் தொழிலாளர்க்குக் கடமை தந்தது. ஒரு பொருள் பொதுவானது என்றவுடன் அது எவர்க்கும் உரியதன்று என எண்ணுதல் நம்மிடையே உள்ள பெருங்குறை. கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஏடு கிழிவதும், ஆய்வுகூடத்துத் தராசு மூடியின்றித் தூசி படிவதும் அக்குறையினாலேயே. இக்கல்லூரியின் வாங்கிலும் புத்தகமும் மரநிழலும் நமக்கு முன்னிருந்தோர் பேணித் தந்தவை. மாணவர்கள் இம்மலரை வாசித்து மூடியதும், நூலகத்துக்குச் சென்று, கட்டு அவிழ்ந்த ஒரு புத்தகத்தை எடுத்து ஒட்டிவைப்பாராயின், நாம் எஞ்சினைப் பற்றி எழுதியது வீண்போகாது.