கான்கிரீட் மூடுவதற்கு முன்: கட்டட விதிகள் ஏன் திருத்தப்படுகின்றன?

ஒரு கட்டடத்தின் உறுதியையும் அதன் ஆயுளையும் தீர்மானிக்கும் கூறுகளில் பெரும்பாலானவை, அது கட்டி முடிக்கப்பட்ட பின் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. தூணுக்குள் கட்டப்பட்ட கம்பி வளையங்களின் இடைவெளி, அடித்தளத்துக்குக் கீழேயுள்ள மண்ணின் தாங்குதிறன், மேல்தளத்தின் மீது இடப்பட்ட வெப்பத்தடுப்பு அடுக்கு, மழைநீர் இறங்கும் குழியின் ஆழம் ஆகிய யாவும் கான்கிரீட்டாலோ மண்ணாலோ பூச்சாலோ மூடப்பட்டுவிடுகின்றன. வீடு வாங்குபவர் சுவரின் வண்ணத்தையும் தரைக்கல்லின் பளபளப்பையும் பார்த்து முடிவெடுக்க இயலுமே தவிர, தம் குடும்பத்தின் உயிரைத் தாங்கி நிற்கும் பகுதிகளைச் சோதித்தறிய இயலாது. அவர் பார்க்க முடியாதவற்றை அவருக்காகப் பார்த்து உறுதி செய்வதே கட்டட விதிகளின் முதற்பணி. நீரும் மின்சாரமும் மணலும் அருகிவரும் இக்காலத்தில், அவற்றை வீணாக்காமல் கட்டுவதும் வாழ்வதும் எவ்வாறு என்று வரையறுப்பது அவ்விதிகளின் இரண்டாம் பணியாகச் சேர்ந்துள்ளது.

இந்தியாவில் இவ்விதிகள் இரண்டு அடுக்குகளாக இயங்குகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதல் அடுக்கு. 1970-இல் முதன்முதலாக வெளிவந்த அது 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தியமைக்கப்பட்டது. அத்தொகுப்பு தன்னளவில் ஒரு பரிந்துரையே ஆகும். நிலமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால், மாநில அரசுகள் தம் விதிகளில் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அப்பரிந்துரைகள் சட்ட வலிமை பெறுகின்றன. தமிழ்நாட்டில் அந்த இரண்டாம் அடுக்காக அமைந்திருப்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சென்னைப் பெருநகருக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே கிடந்த விதிகளை அது மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒரே ஏற்பாடாக ஆக்கியது.

நில அதிர்வு கற்பித்தவை

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், அதிர்வு மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அவற்றுள் பலவற்றில் தரைத்தளம் வாகனங்கள் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்கள் மட்டும் நிற்கும்படி விடப்பட்டிருந்தது. மேல்தளங்கள் சுவர்களால் இறுகி விறைப்பாக இருக்க, கீழ்த்தளம் மட்டும் நெகிழ்வாக இருப்பதால், நிலம் பக்கவாட்டில் அசையும்போது அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தின் தூண்களிலேயே குவிந்து அவற்றை முறித்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை மென்தளம் என்று குறிப்பிடுகின்றனர்.

இதையடுத்து, நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 என்னும் தர ஆவணம் 2002-இல் திருத்தப்பட்டது. நாட்டின் ஐந்து நில அதிர்வு மண்டலங்கள் நான்காக மாற்றியமைக்கப்பட்டன. அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை, மிதமான பாதிப்புக்குரிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. மென்தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான கணக்கைவிட இரண்டரை மடங்கு விசைக்கு ஏற்ப வடிவமைப்பது அப்போது ஒரு தீர்வாகச் சேர்க்கப்பட்டது. 2016 திருத்தமோ, தூண்களை மட்டும் தடிப்பாக்கி நிறைவடையாமல், தேர்ந்த இடங்களில் கான்கிரீட் தாங்குசுவர்களோ குறுக்குச் சட்டங்களோ அமைத்து அத்தளத்தை விறைப்பாக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது.

இதற்கு இணையான மாற்றம் கம்பி கட்டும் முறையிலும் நிகழ்ந்தது. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் வளையத்தைக் கட்டுமானப் பணியாளர்கள் ரிங் என்று அழைக்கின்றனர். அதன் முனைகளை 90 பாகையில் மடக்கி விட்டால், அதிர்வின்போது வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் வளையம் பிரிந்துவிடும். 135 பாகையில் உட்புறமாக மடக்கினால், முனைகள் தூணின் நடுப்பகுதிக் கான்கிரீட்டுக்குள் பிடிமானம் பெற்று, நெடுக்குக் கம்பிகள் பிதுங்காமல் காக்கும். இம்முறையைக் கூறும் ஐ.எஸ். 13920 தர ஆவணம் 1993-இல் வெளிவந்தபோது, மூன்றாம் மண்டலத்தில் சில வகைக் கட்டடங்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. பின்னர் வந்த திருத்தம் அதை அம்மண்டலத்தின் எல்லாக் கான்கிரீட் கட்டடங்களுக்கும் விரித்ததால், சென்னையின் சிறு கட்டடங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. கூடுதல் செலவு மிகச் சிறிதே ஆயினும், கம்பி மடக்கும் அந்த ஒரு கணத்தில் கவனிக்கத் தவறினால் பின்னர் எக்காலத்திலும் திருத்த முடியாத குறையாக அது நிலைத்துவிடுகிறது.

தீயும் வெளியேறும் வழியும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீ, கீற்றுக் கூரை வேய்ந்த வகுப்பறைகளைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. எரியும் இயல்புடைய கூரை, வகுப்பறைகளை ஒட்டிய அடுப்பு, குறுகிய வெளியேறும் வழி என அங்கு ஒன்றுகூடிய குறைகள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே களையப்பட்டிருக்கக் கூடியவை. அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

தீ பற்றிய விதிகளின் அடிப்படை எளியது: உள்ளே இருப்பவர்கள் புகை சூழ்வதற்கு முன் வெளியேற வேண்டும், அதுவரை கட்டடம் நிலைத்து நிற்க வேண்டும். தீ விபத்துகளில் உயிரிழப்போரில் மிகப் பலர் தீப்புண்ணைவிடப் புகையாலேயே இறக்கின்றனர் என்பதால், மாடிப்படிக் கூடம் புகைபோக்கியாக மாறிவிடாமல் காப்பது இவ்விதிகளின் மையமாகிறது. உயரமான கட்டடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மாடிப்படிகள், தாமாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகள், வெளியேறும் திசையில் திறக்கும் வாயில்கள், எந்நேரமும் நீர் நிரம்பியிருக்கும் தீயணைப்புக் குழாய், 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் மீட்புக்காகக் காத்திருப்பதற்கான புகலிடப் பகுதி ஆகியவற்றைத் தேசியத் தொகுப்பின் நான்காம் பகுதி வகுத்துரைக்கிறது. அத்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே ஒரு கட்டடத்தை உயரமானதாகக் கருதுகிறது. தமிழ்நாட்டு விதிகளோ 18.30 மீட்டரைக் கடந்தவற்றையே அவ்வாறு வகைப்படுத்துகின்றன. எனவே இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட கட்டடங்களில் குடியிருப்போர், தம் மாடிப்படியும் வெளியேறும் வழியும் பொருட்களால் அடைபடாமல் இருப்பதைத் தாமே கூடுதல் விழிப்போடு காக்க வேண்டியவர்களாகின்றனர்.

நீரைக் காக்கும் விதி

வளங்களைக் காக்கும் விதிகளுள் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது மழைநீர் சேகரிப்பில் ஆகும். முதலமைச்சர் ஜெயலலிதா காலத்தில் 2003-இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. வழக்கமாகக் கட்டட விதிகள் இனிக் கட்டப்படுபவற்றையே கட்டுப்படுத்துவன என்பதை நோக்க, இது துணிவான ஒரு முடிவு.

அதன் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில், அதாவது சுமார் 93 சதுர மீட்டரில், அம்மழை ஏறத்தாழ 1,30,000 லிட்டராகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் எஞ்சும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் கணக்கிடப்படும் 135 லிட்டர் என்ற அளவின்படி, நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தின் ஆறு மாதத் தேவைக்கும் மேலானது இது. ஆயினும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீரை நம்பி நின்றது. பல வீடுகளில் சேகரிப்புக் குழி பெயரளவுக்கே தோண்டப்பட்டு, வடிகட்டும் ஜல்லியும் மணலும் ஆண்டுக்கணக்கில் தூர்ந்துபோய்க் கிடப்பது கண்கூடு. மேலும் மணற்பாங்கான கடலோரத்தில் ஆழமற்ற குழியே போதும். களிமண் பகுதியிலோ அடியிலுள்ள நீர் ஊடுருவும் அடுக்கை எட்டும் உறைகிணறோ வடிகட்டியுடன் கூடிய ஆழ்துளையோ தேவைப்படும். மண்ணறியாமல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தோண்டப்படும் குழி, சான்றிதழுக்கு உதவுமேயன்றி நிலத்தடி நீருக்கு உதவாது.

கழிவறையில் ஊற்றுவதற்கென ஆளொன்றுக்கு நாள்தோறும் 45 லிட்டர் தேவை எனத் தேசியத் தொகுப்பு கணிக்கிறது. மேற்கண்ட 135 லிட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. குளியலறையிலிருந்தும் துணி துவைக்கும் இடத்திலிருந்தும் வரும் சாம்பல் நீரைத் தனிக் குழாயில் பிரித்துச் சுத்திகரித்தால், அப்பங்கு முழுவதையும் நன்னீரின்றியே நிறைவு செய்யலாம். ஆனால் அத்தனிக் குழாய் சுவர் பூசுவதற்கு முன்பே பதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெயிலும் மின்சாரமும்

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வெளியிடப்பட்டு 2017-இல் திருத்தப்பட்டது. 2018-இல் எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான தொகுப்பு வந்தது. 2022-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புச் சுமை கொண்ட பெரிய குடியிருப்பு வளாகங்களையும் இதன் எல்லைக்குள் கொண்டுவரவும், எரிசக்தியோடு நீடித்த கட்டுமானத்தையும் சேர்த்து நோக்கவும் வழி செய்தது.

குடியிருப்புத் தொகுப்பு குளிர்சாதனக் கருவிகளை எண்ணுவதில் தொடங்காமல், கட்டடத்தின் மேலுறையில் தொடங்குவது குறிப்பிடத்தக்கது. மேல்தளத்தின் வழியே வெப்பம் கடக்கும் வேகத்தைக் குறிக்கும் வெப்பக் கடத்து மதிப்பு 1.2-ஐ மிஞ்சக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்தின் மதிப்போ ஏறத்தாழ 3 அளவில் இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, அதன் மேல் தட்டோடு பதிக்கும் தமிழ்நாட்டுப் பழைய வழக்கம் இந்த வெப்பத்தைக் குறைக்கும் நோக்கத்தையும் கொண்டதே. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு வீட்டின் உட்தரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதும் அத்தொகுப்பின் விதி. காற்றோட்டத்தால் தணியும் வீட்டுக்கு இயந்திரக் குளிர்ச்சி குறைவாகவே தேவைப்படும்.

கட்டுமானப் பொருட்களிலும் இதே நோக்கம் தென்படுகிறது. ஆற்று மணல் அள்ளுவதால் ஆறுகளும் நிலத்தடி நீரும் சீரழிந்த நிலையில், 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தர ஆவணம் பாறையை உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்டுக்கு இடமளித்ததோடு, இடிபாட்டுக் கான்கிரீட்டை உடைத்துப் பெறும் ஜல்லியை எம்25 வரையிலான தரமுடைய கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை கலக்கவும் இசைந்தது. அதே ஆண்டில் வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள், பெருமளவில் கழிவை உண்டாக்குவோர் அதைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றன.

இரு நோக்கங்களும் சந்திக்கும் இடம்

பாதுகாப்பையும் சேமிப்பையும் தனித்தனியே திருத்துவது பேரிடருக்கு வழிவகுக்கலாம் என்பதற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் சான்று. அக்குடியிருப்பைப் புதுப்பித்தபோது, வெப்பக் காப்பையும் தோற்றத்தையும் மேம்படுத்துவதற்காக வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய உறை, 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டில் பற்றிய தீயைக் கட்டடம் முழுவதும் ஏற்றிச் சென்றது. 72 பேர் இறந்தனர். வாகன நிறுத்தத்துக்காக இடத்தைச் சேமிக்கும் திறந்த தரைத்தளம் நில அதிர்வில் பலவீனமாவதும் இத்தகையதே. ஒரு விதியைத் திருத்துவோர், அது மற்ற விதிகளின் மீது ஏற்படுத்தும் விளைவையும் சேர்த்தே எடைபோட வேண்டியவர்களாவர்.

எனினும் எந்தத் திருத்தமும் பணியிடத்தில் நிறைவேறும்போதுதான் பொருள் பெறுகிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அத்தகைய துயரங்களுக்குப் பின் வந்த 2019 விதிகள், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் ஆகியோரைப் பதிவு செய்து, அவரவர் பணிக்கு அவரவரைப் பொறுப்பாக்கும் ஏற்பாட்டைச் செய்தன. சிறு வீடுகள் நீங்கலாக, நிறைவுச் சான்றிதழ் இன்றி மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் பெற இயலாதவாறும் செய்தன. மறுபுறம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் இரண்டு தள வீடுகளுக்கு, சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. மக்களின் அலைச்சலையும் காலதாமதத்தையும் குறைக்கும் நல்ல ஏற்பாடு இது. அதே வேளையில், விதிப்படி கட்டும் பொறுப்பை அது வீட்டு உரிமையாளரின் கையிலேயே வைக்கிறது.

ஆகவே இனி வீடு கட்டுவோர் விதிகளை அனுமதி பெறுவதற்கான தடையாகக் கருதாமல், பணியின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்விகளின் தொகுப்பாகக் கொள்வது அவர்களுக்கே நன்மை தரும். அடித்தளம் தோண்டுமுன் மண் பரிசோதனை அறிக்கையைப் பெறுதல், தூணுக்குக் கான்கிரீட் இடுமுன் வளையங்களின் மடிப்பையும் இடைவெளியையும் பொறியாளரைக் கொண்டு சரிபார்த்துப் படம் எடுத்து வைத்தல், பூச்சுக்கு முன் சாம்பல் நீர்க் குழாயைச் சோதித்தல், மழைநீர்க் குழியை மூடுமுன் அதில் நீர் ஊற்றி உறிஞ்சும் வேகத்தைக் காணுதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்காதவை. உள்ளாட்சிகள் இக்கட்டங்களில் பணியிடத்துக்குச் சென்று பார்ப்பதற்குப் போதிய பொறியாளர்களை நியமிப்பது அரசின் கடமை. திருத்தப்பட்ட ஒரு விதியின் வெற்றி, அது அரசிதழில் வெளியான நாளைக் கொண்டன்று, கான்கிரீட் கலவை வந்து நிற்கும் காலையில் அதைக் கேட்டு உறுதி செய்ய ஒருவர் இருந்தாரா என்பதைக் கொண்டே அளக்கப்பட வேண்டும்.