உறைய மறுக்கும் ஏரிகள்

ஆண்டு மலருக்குக் கவிதை எழுதத்தான் நினைத்தேன். "ஏற்கெனவே முப்பது கவிதை வந்து கிடக்கு, எல்லாமே காதல்" என்று செகரட்டரி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகவே நண்பர்களே, என் அப்பா கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறார். 50 கிலோ ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போன மனிதர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. போன பொங்கல் லீவில்தான் முதன்முதலாக ஒரு கேள்வி வந்தது. வீட்டுச் சுவரில் புதிதாக மாட்டிய காலண்டரில் ஓர் ஏரி. சுற்றியுள்ள மலை, மரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் தண்ணீர் மட்டும் கருநீலமாக நின்றது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரி என்று கீழே போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"ஏலே, இம்புட்டுப் பனி கெடக்கு, தண்ணி ஏன் ஐஸ் ஆகல? எங்க கேன்ல ஒரு நாள்ல கல்லா ஆயிருதே?"

நான் செகண்ட் இயர் மெக்கானிக்கல். தெர்மல் பேப்பரில் 78 மார்க். "ஆழம் ஜாஸ்திப்பா" என்று சமாளித்தேன். "ஆழம்னா? அது குளுருக்குத் தெரியவா போவுது?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்பா காலண்டரைப் பார்த்தபடியே நின்றார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. லீவு முடிந்து வந்ததும் லைப்ரரியில்தான் உட்கார்ந்தேன்.

கிரேட்டர் ஏரி, சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை உள்வாங்கி விழுந்த பள்ளம். ஆழம் 594 மீட்டர். வருஷத்துக்கு 12 மீட்டருக்கு மேல் பனி கொட்டும் இடம். அப்படியும் அது முழுவதுமாக உறைந்தது கடைசியாக 1949இல்தான். 1985இல் ஏறக்குறைய 95 சதவீதம் மூடியது, அவ்வளவே. கலிபோர்னியா, நெவாடா எல்லையில் டாஹோ என்று இன்னொரு மலை ஏரி. 1,897 மீட்டர் உயரத்தில், 501 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் நடு ஏரி உறைவதே இல்லை.

விஷயம் தண்ணீரின் ஒரு விசித்திரக் குணத்தில் தொடங்குகிறது. குளிரக் குளிரத் தண்ணீர் சுருங்கிக் கனமாகிறது, ஆனால் 4 டிகிரி வரைதான். அதற்குக் கீழே போனால் திரும்ப விரிந்து லேசாகிவிடுகிறது. குளிர்காலம் தொடங்கியதும் ஏரியின் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனமாகிக் கீழே இறங்கும். அந்த இடத்துக்குக் கீழேயிருந்து சற்றுச் சூடான தண்ணீர் ஏறி வரும். குளத்தில் இந்த ஏற்ற இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். மொத்தமும் 4 டிகிரிக்கு வந்ததும், மேல்தண்ணீர் லேசாகி அங்கேயே தங்கி, பூஜ்யத்துக்குப் போய் உறைந்துவிடும். டாஹோவில் அந்தக் கட்டமே வருவதில்லை. அதன் அடித்தண்ணீர் 5 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மேல்தண்ணீரும் அந்த அளவுக்கு இறங்கிவிட்ட பிறகு, இன்னும் ஒரு டிகிரி குறைக்க வேண்டுமானால் முழு ஏரியையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாஹோவின் சராசரி ஆழம் 300 மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே நிற்கும் தண்ணீர் 3 லட்சம் கிலோ. ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி குறைய 4.19 கிலோஜூல் வெளியேற வேண்டும், ஆக மொத்தம் சுமார் 12.5 லட்சம் கிலோஜூல். மேற்பரப்பு வழியாக 100 வாட் வீதம் வெப்பம் போவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8,640 கிலோஜூல். வகுத்தால் 145 நாள் வருகிறது. ஒரே ஒரு டிகிரிக்கு! அதற்குள் வசந்தமே வந்துவிடும். இதே கணக்கை 3 மீட்டர் ஆழக் குளத்துக்குப் போட்டால் ஒன்றரை நாள்தான். டாஹோவிலேயே ஒதுங்கிய, ஆழம் குறைந்த எமரால்டு விரிகுடா சில வருஷங்களில் உறைந்ததுண்டு.

காற்றையும் மறக்கக்கூடாது. கிரேட்டர் ஏரியில் மேல்தண்ணீர் சில சமயம் 4 டிகிரிக்குக் கீழேயும் போகிறது. ஆனால் ஆடை மாதிரி ஐஸ் படியத் தொடங்கும் முன்பே காற்று அலையடித்துக் கலக்கிவிடுகிறது.

அடுத்த லீவில் இதையெல்லாம் வீட்டில் விளக்கினேன். கணக்கை அப்பா கையமர்த்தி நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, "எங்க கேனுக்கு நாலு பக்கமும் குளுந்த உப்புத்தண்ணி. அதுக்கு மேல மட்டுந்தான் குளுரு. அப்பம் லேட்டாத்தான ஆவும்" என்றார். நான் ஒரு மாதம் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்! கூடவே, "அந்தத் தண்ணி உப்பா?" என்றும் கேட்டார். ஐஸ் பேக்டரித் தொட்டியில் உப்புத்தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் நிற்பதை தினமும் பார்ப்பவராயிற்றே.

டாஹோவும் கிரேட்டரும் நல்ல தண்ணீர்தான். கிர்கிஸ்தானில் 1,607 மீட்டர் உயரத்தில் உள்ள இசிக்குல் ஏரி மட்டும் லேசாக உப்புக் கரிக்கும். அதுவும் உறைவதில்லை. கிர்கிஸ் மொழியில் இசிக்குல் என்றால் சூடான ஏரி என்றே பொருள். ஆனால் லிட்டருக்கு 6 கிராம் அளவுள்ள உப்பு, உறைநிலையை சுமார் 0.3 டிகிரிதான் குறைக்கும். அங்கேயும் பெரிய வேலையைச் செய்வது 668 மீட்டர் ஆழம்தான்.

"அப்பம் ஆழமான ஏரி எதுவுமே ஒறையாதோ?" என்றார் அப்பா.

இங்கேதான் நானும் முதலில் ஏமாந்தேன். உலகிலேயே ஆழமான ஏரி சைபீரியாவின் பைக்கால், 1,642 மீட்டர். அது ஒவ்வொரு வருஷமும் உறைகிறது, ஜனவரியிலிருந்து மே வரை. கிரேட்டர் ஏரிப் பக்கம் குளிர்காலப் பகல் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். சைபீரியாவிலோ மைனஸ் இருபது என்பது சாதாரணம், அதுவும் மாதக்கணக்கில். ஆழம் உறைவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். குளிரும் விடாமல் நின்றால் ஏரி என்ன செய்யும்? பைக்காலில் ஒரு மீட்டர் கனத்துக்கு ஐஸ் பிடிக்கும், அதன்மேல் வண்டியே ஓட்டுகிறார்கள் என்றேன்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஒரு மீட்டர் கனமா? அத எவம்ல இழுக்கது?" என்றார்.