உயிர்க்கயிறு

வன்னிப் பெருநிலத்தில் முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று, பெயராலேயே நன்னீரின் வளம் பேசும் ஊராகும். அவ்வூரில் நின்று கடலைக் காணவியலாது. ஆயினும் கடலோடு அதற்குள்ள உறவு பழையது. ஆண்டுதோறும் வைகாசித் திங்களில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர், சிலாவத்தைக் கடற்கரையில் அள்ளப்பெறும் உப்புநீர், அயலிலுள்ள காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கக் கொணரப்படுகின்றது. கடல்நீரைத் திருவிளக்காக்கி வணங்கிய மக்கள், கடலை விளையாட்டுப் பொருளாகக் கருதியவரல்லர்.

இன்றோ உலகம் கடலையே விளையாட்டுக் களமாகக் கொண்டுவிட்டது. நம் நாட்டின் மேற்குக் கரையிலே கற்பிட்டிக் களப்பில், காற்றுக் காலத்தில், ஒரு புதுமையைக் காணலாம். ஒருவன் இரு கைகளிலும் பெரியதொரு சிறகைப் பற்றிக்கொண்டு, சிறு பலகையின்மேல் நிற்கின்றான். பலகையோ நீரைத் தொடுவதில்லை. ஒரு முழத்துக்கு மேல் உயர்ந்து, ஓசையின்றிப் பறந்து செல்கின்றது. 'விங் ஃபொயிலிங்' எனப்படும் இவ்விளையாட்டு, ஏறத்தாழ 2019ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியதாகும்.

இதில் மாயம் எதுவுமில்லை. பலகையின் அடியில் ஒரு தண்டு. தண்டின் நுனியில் நீருக்குள் அமிழ்ந்த இரண்டு இறகுகள். முன்னது பெரியது, தூக்குவது. பின்னது சிறியது, நிலைப்படுத்துவது. காற்று விமானத்தின் இறக்கையைத் தூக்குவதுபோல, ஓடும் நீர் இவ்விறகைத் தூக்குகின்றது. நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு செறிவுடையதாதலின், சிற்றிறகே ஓர் ஆளைச் சுமக்கப் போதுமானது. இத்தாலியரான என்ரிக்கோ ஃபொர்லானினி 1906ஆம் ஆண்டிலேயே மஜோரே ஏரியில் இவ்வாறு இறகின்மேல் எழும் படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் படகு 1919இல் மணிக்கு எழுபது மைலைக் கடந்தது.

கையிலுள்ள சிறகு காற்றடைத்து விறைப்பாக்கப்படுவது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு சதுர மீற்றர்ப் பரப்புடையது. காற்று வலுக்கச் சிறிய சிறகும், மெலியப் பெரிய சிறகும் வேண்டும். கற்போனுக்கு அவன் உடலெடையினும் மிகுதியாகத் தாங்கவல்ல பெரிய பலகையே தகும். கரையிலேயே இறகுகளின் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தல் வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் நடுநீரில் இறகு கழன்றுவிடும். உப்புநீர் உலோகங்களை அரித்துத் திருகாணியைப் பிடித்துக்கொள்ளச் செய்யுமாதலால், பூட்டுமுன் கொழுப்பு மசகு இடுவதும், ஆட்டம் முடிந்தபின் நன்னீரால் கழுவுவதும் முறை. தலைக்கவசமும் மிதக்கும் மேலங்கியும் ஆடம்பரமல்ல. நீருக்கடியிலுள்ள இறகு கத்தியை ஒத்தது என்பதை மறத்தலாகாது.

எனினும் இவை யாவற்றினும் மலிவான பொருளே இவற்றுள் தலையாயது. அதுதான் கயிறு. சிறகைக் கையோடோ இடையோடோ பிணைப்பது ஒன்று. பலகையைக் காலோடோ இடையோடோ பிணைப்பது மற்றொன்று. கைவிட்ட சிறகு காற்றிலே உருண்டோடும்; ஆளற்ற பலகை அலையோடு அகலும். கைதேர்ந்தவனும் அவற்றைத் துரத்தி நீந்திப் பிடிப்பது அரிது. பலகை உள்ளவன் அதன்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்பிட்டுக் கரை சேரலாம். பலகை இழந்தவன் கடலிலே ஒரு புள்ளியாகிவிடுகின்றான். தேடுவோர் கண்ணுக்குப் பலகை தெரியும்; தலை தெரியாது.

கயிற்றுக்கும் ஓர் அளவுண்டு. அலைச்சறுக்கு வீரர்கள் 1970களின் தொடக்கத்தில் இழுபடும் இரப்பர்க் குழாய்களைக் கயிறாகப் பயன்படுத்தினர். அக்கயிறு மிகுதியாக நீண்டு, சுண்டி மீண்டமையால், பலகை திரும்பிப் பாய்ந்தது. ஜாக் ஓநீல் என்ற புகழ்பெற்ற அமெரிக்கர் தம் இடக்கண்ணை இழந்தது அவ்வாறே. ஓடும் நீரில் வேறோர் இடர் உண்டு. மாரி காலத்தில் வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு கலக்கும் நேரத்தில், காலில் கட்டிய கயிறு ஒரு முளையில் சிக்கினால், நீரோட்டம் ஆளை அடியிலேயே அமுக்கிவிடும். அத்தகைய இடத்தில், இடையிலே கட்டி, ஒரே இழுப்பில் அவிழ்த்துக்கொள்ளும் கயிறே காக்கும். கட்டத் தெரிவது பாதி. அவிழ்க்கத் தெரிவது மறுபாதி.

காற்றைப்பற்றி நம் கரையோரத்தார் அறிந்ததை எந்த நூலும் விஞ்சமாட்டாது. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கு நோக்கியது. வாடை வீசும் மாதங்களில் கடல் சீறினும், காற்று ஆளைக் கரைக்கே தள்ளும். சோழகம் வீசும் காலமோ வேறு. தண்ணீரூற்றின் பனைகளை அசைத்த காற்று, முல்லைத்தீவைக் கடந்து கடலுக்குள் செல்கின்றது. கரையருகே நீர் குளம்போல் அடங்கித் தோன்றும். அந்த அமைதியே வஞ்சகம். சற்று அகன்றால், திரும்பவியலாதபடி காற்று வங்கக் கடலை நோக்கி இழுத்துச் செல்லும். அலையைக் கண்டு அஞ்சுவோர் பலர். தரைக்காற்றைக் கண்டு அஞ்சுவோரே கடலறிந்தோர்.

வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றிலே, காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய கரிகாலனின் முன்னோனைப் போற்றுகின்றார். காற்றை ஆளும் பெருமிதம் நமக்குப் புதிதன்று. ஆயினும் அப்பெருமிதத்தோடு ஒரு பணிவையும் நம் முன்னோர் பயின்றனர். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். 1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்பில் மட்டும் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லப்பட்ட 'கடல்கட்டி' கரையிலே ஓதிக்கொண்டிருந்தான். குளிப்பவனோ கல்லில் கால் வைத்து ஆழத்தில் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி சேர்த்தான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, கீழிருந்து வரும் ஓர் அசைவுக்காகக் காத்திருந்தான். மந்திரம் துணிவைத் தந்திருக்கலாம். உயிரைத் தந்தது கயிறு. அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்றொரு வழக்கும் சொல்லப்படுவதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலியை நினைப்பவன் கயிற்றை நழுவவிடான் அல்லவா?

கற்பிட்டியின் விளையாட்டு நமக்கென்ன என்று வன்னியின் வாசகர் வினவலாம். இன்று நம் கடற்றொழிலாளரின் படகுகளிலே பொருத்தப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பாருங்கள். அதன் நிறுத்துவிசையிலே சுருண்ட சிறு கயிறொன்று தொங்குவதுண்டு. ஓட்டுபவன் அதைக் கையில் மாட்டிக்கொண்டால், தவறி விழும்போது விசை கழன்று இயந்திரம் நின்றுவிடும். படகு அருகிலேயே மிதக்கும். மாட்டாது விட்டால், ஆளற்ற படகு தன்வழியே ஓடும். சில வேளை வட்டமிட்டுத் திரும்பி, விழுந்தவன்மீதே பாயும். 'இத்தனை ஆண்டு போய்வந்தேனே' என்று அக்கயிற்றைத் தொங்கவிட்டுச் செல்வோர் உளர். உயிர்காப்பு மேலங்கி படகின் மூலையிலே கிடப்பதும் உண்டு. விளையாட வந்தவன் இரண்டு கயிறு கட்டிக்கொள்கின்றான். பிழைப்புக்காகச் செல்பவன் ஒன்றையேனும் கட்டிக்கொள்ளலாகாதா?

கரையோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளை படகேறப்போகும் பிள்ளைகளுக்குக் காற்றின் பெயர்களோடு அவற்றின் திசைகளையும், முடிச்சிடுதலோடு முடிச்சவிழ்த்தலையும் கற்பியுங்கள். ஒரு கலம் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தற்க என்ற ஒரு சொல்லையேனும் மனத்தில் பதியுங்கள். கடலுக்குச் செல்பவன் கயிற்றைக் கட்டட்டும். கரையில் நிற்பவர் கட்டினாயா என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியும் ஒரு கயிறுதான்.