32 அணிகள், ஒரே கனவு: என்எஃப்எல் சீசனுக்கு முன் எல்லா ரசிகர்களும் நம்புவது ஏன்?

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டெட்ராய்ட், கிளீவ்லேண்ட், பஃபலோ போன்ற நகரங்களில் ஒரே பேச்சுதான். இந்த முறையாவது நம் அணி கோப்பையை வெல்லுமா என்பதே அது. செப்டம்பரில் தொடங்கும் தேசிய கால்பந்து லீக் எனப்படும் என்எஃப்எல் சீசனைப் பற்றி ரசிகர்கள் மாதக்கணக்கில் விவாதிக்கின்றனர். முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணியின் ரசிகர்களைப் போலவே, கடைசி இடம் பிடித்த அணியின் ரசிகர்களும் நம்பிக்கையுடன் பேசுவதுதான் இதில் வியப்பு.

இந்த நம்பிக்கையை வெறும் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. தோற்ற அணி மீண்டு எழுவதற்கு வழி செய்யும் விதிகளை அந்த லீக் பல ஆண்டுகளாக வகுத்து வந்துள்ளது.

லீக்கின் அமைப்பு

இங்கு கால்பந்து என்பது உலகக் கோப்பையில் காணும் ஆட்டம் அல்ல. ஒரு நேரத்தில் அணிக்கு 11 பேர் களமிறங்கி, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியோ வீசியோ எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறும் ஆட்டம் இது. பந்தை வீசி, தாக்குதலை வழிநடத்தும் வீரர் குவார்ட்டர்பேக் எனப்படுகிறார். ஓர் அணியின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் அவரே.

1920-இல் ஓஹையோ மாகாணத்தின் கேன்டன் நகரில் உருவான இந்த லீக்கில் தற்போது 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்களில் விளையாடுகிறது. அவற்றில் 14 அணிகள் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறும். அங்கு ஒருமுறை தோற்றாலும் வெளியேற வேண்டியதுதான். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பிப்ரவரியில் நடைபெறும்.

தோற்றவருக்கே முதல் வாய்ப்பு

நம்பிக்கையின் முதல் ஊற்று, ஏப்ரல் மாதம் நடைபெறும் 'டிராஃப்ட்' எனும் வீரர் தேர்வு. கல்லூரி ஆட்டங்களிலிருந்து வரும் இளம் வீரர்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சுற்றுகளில் தேர்வு செய்கின்றன. முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பும், கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பும் அளிக்கப்படுகின்றன. வசதி படைத்த அணிகளே சிறந்த வீரர்களை அள்ளிச் செல்வதைத் தடுக்க, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர் பெர்ட் பெல் இந்த யோசனையை முன்வைத்தார். முதல் தேர்வு 1936-இல் நடைபெற்றது.

இதன் பலனை வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணி அண்மையில் கண்டது. 2023 சீசனில் 17 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்ற அந்த அணிக்கு, அடுத்த ஆண்டுத் தேர்வில் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸை அந்த அணி தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு 12 ஆட்டங்களில் வென்று, சூப்பர் பவுலுக்கு முந்தைய அரையிறுதி வரை முன்னேறியது.

பணத்திலும் சமநிலை

இரண்டாவது காரணம் ஊதிய உச்சவரம்பு. வீரர்களின் ஊதியத்துக்கு ஓர் அணி ஒதுக்கக்கூடிய தொகைக்கு 1994 முதல் வரம்பு உள்ளது. 2025-ஆம் ஆண்டில் அது அணிக்கு 27.92 கோடி டாலராக, அதாவது சுமார் 2,400 கோடி ரூபாயாக இருந்தது. ஐபிஎல் ரசிகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2025 ஐபிஎல் சீசனுக்கான மெகா ஏலத்திலும் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்ற ஒரே வரம்பே விதிக்கப்பட்டது.

மூன்றாவது காரணம் தொலைக்காட்சி வருவாய். ஒளிபரப்பு உரிமத்தை அணிகள் தனித்தனியே விற்காமல் லீக் மொத்தமாக விற்பதற்கு, 1961-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வழிவகுத்தது. அன்றைய லீக் ஆணையர் பீட் ரோசெல் இதற்காகப் பாடுபட்டார். நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகர அணிகளின் உரிமையாளர்களும் தேசிய ஒளிபரப்பு வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள இணங்கினர்.

விஸ்கான்சின் மாகாணத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகமான மக்கள் வாழும் கிரீன் பே என்ற சிறு நகரம், இன்றும் ஓர் அணியை வைத்திருப்பதற்கு இந்தப் பகிர்வும் முக்கியக் காரணம். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் உள்ளனர். அவர்களுக்கு ஈவுத்தொகை கிடைக்காது. பங்கை லாபத்துக்கு விற்கவும் முடியாது. நான்கு முறை சூப்பர் பவுல் வென்ற அணி இது.

ஆட்ட அட்டவணையும் ஓரளவு கைகொடுக்கிறது. 17 ஆட்டங்களில் 14-க்கான எதிரணிகள் பிரிவு அடிப்படையிலும் சுழற்சி முறையிலும் அமைகின்றன. மீதமுள்ள மூன்றில், முந்தைய சீசனில் தத்தம் பிரிவில் அதே இடத்தைப் பிடித்த அணிகளே எதிரே நிற்கும். ஆகவே கடைசி இடம் பிடித்த அணி, கடைசி இடம் பிடித்த மற்ற மூன்று அணிகளைச் சந்திக்கும்.

டெட்ராய்ட்டின் நெடிய காத்திருப்பு

இந்த விதிகள் ரசிகர்களின் வாழ்வில் எதை மாற்றுகின்றன என்பதற்கு டெட்ராய்ட் சான்று. லயன்ஸ் அணி 1957-இல் லீக் பட்டம் வென்றது. அதன் பிறகு 2023 சீசன் வரை பிளேஆஃப் சுற்றில் அந்த அணி பெற்ற வெற்றி ஒன்றே ஒன்றுதான். அது 1992 ஜனவரியில் கிடைத்தது. 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் லயன்ஸ் தோற்றது.

2021-இல் அந்த அணி தன் முதன்மை வீரரான குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு ஜாரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கையும், எதிர்வரும் டிராஃப்ட்களில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள் உள்ளிட்டவற்றையும் பெற்றது. அடுத்த சீசனிலேயே ஸ்டாஃபோர்ட் ராம்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் வென்றார். லயன்ஸ் மூன்றே ஆட்டங்களில் வென்றது.

ஆனால் டிராஃப்ட் வாய்ப்புகளைப் பயன்படுத்தி லயன்ஸ் பொறுமையாகப் புதிய அணியைக் கட்டியெழுப்பியது. 2024 ஜனவரியில் டெட்ராய்ட் மைதானத்தில் அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸ் அணியை 24-23 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தி, 32 ஆண்டு காத்திருப்புக்கு முடிவு கட்டியது. தந்தையின் தலைமுறை கண்ட ஒரே வெற்றியைக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், அன்று முதன்முறையாக ஒரு வெற்றியைக் கண்ணால் கண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் டெட்ராய்ட்டில் நடந்த டிராஃப்ட் நிகழ்வில் 7.75 லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டது சாதனையாகப் பதிவானது.

விதிகளால் ஆகாதவை

விதிகள் வாய்ப்பைத்தான் சமமாக்குகின்றன, முடிவை அல்ல. 2024 சீசனில் 15 ஆட்டங்களில் வென்ற லயன்ஸை, பிளேஆஃப் சுற்றில் 45-31 என்ற கணக்கில் வெளியேற்றியது வாஷிங்டன். இன்றுவரை 12 அணிகள் சூப்பர் பவுலை வென்றதே இல்லை. அவற்றுள் லயன்ஸ் உட்பட நான்கு அணிகள் அந்த இறுதி ஆட்டத்தை எட்டியதும் இல்லை.

ஒரு காயம் போதும், எல்லாக் கணக்கும் தலைகீழாகும். 2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் இணைந்த ஆரோன் ரோட்ஜர்ஸ், தன் முதல் ஆட்டத்தில் தாக்குதலின் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து களத்தைவிட்டு வெளியேறினார். மாதக்கணக்கில் வளர்ந்த எதிர்பார்ப்பு சில நிமிடங்களில் முடிவுக்கு வந்தது. ஜெட்ஸ் அணி 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை.

தோல்வியைவிடக் கொடியது அணியையே இழப்பது. மைதானச் சொகுசு அறைகள், உள்ளூர் விளம்பரங்கள் போன்றவற்றின் வருவாய் பெரும்பாலும் அந்தந்த அணிக்கே சேர்கிறது. இதனால் புதிய மைதானமும் பெரிய சந்தையும் உரிமையாளர்களை ஈர்க்கின்றன. 2016-இல் செயின்ட் லூயிஸும், 2017-இல் சான் டியாகோவும், 2020-இல் ஓக்லாந்தும் தங்கள் அணிகளை இழந்தன. இந்த வேதனையைக் கிளீவ்லேண்ட் முன்பே அறிந்தது. 1995 சீசனுக்குப் பின் பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்குப் பெயர்ந்தது. ரசிகர்களின் கடும் எதிர்ப்பால் அணியின் பெயரும் வண்ணங்களும் வரலாறும் கிளீவ்லேண்டுக்கே விடப்பட்டன. 1999-இல் அதே பெயரில் புதிய அணி பிறந்தது.

அந்தப் புதிய அணி 2017-இல் 16 ஆட்டங்களிலும் தோற்றபோது, ரசிகர்கள் கடுங்குளிரில் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தனர். கேலியும் ஆற்றாமையும் கலந்த அந்த ஊர்வலத்தின் பெயரில் உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினர்.

தேதிகள் சொல்லும் கதை

ரசிகர்களின் விவாதம் ஆண்டு முழுவதும் நீள்வதற்கு லீக்கின் நாட்காட்டியும் ஒரு காரணம். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறுகின்றனர். ஏப்ரலில் டிராஃப்ட், மே மாதத்தில் அட்டவணை வெளியீடு, ஜூலை இறுதியில் பயிற்சி முகாம், ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள் எனத் தொடர்கிறது. ஆகஸ்ட் இறுதியில் ஒவ்வோர் அணியும் தன் பட்டியலை 53 வீரர்களாகக் குறைக்கிறது.

செப்டம்பரில் முதல் ஆட்டம் தொடங்கும்போது, வென்றவை பூஜ்ஜியம், தோற்றவை பூஜ்ஜியம் என்ற ஒரே நிலையில் 32 அணிகளும் புள்ளிப் பட்டியலில் நிற்கும்.