காணாத ஊரை வரைவது எப்படி?

ஓவிய வகுப்பில் "இயற்கைக் காட்சி ஒன்று வரைக" என்றதும் எங்களில் பலருடைய தாளில் தோன்றுவது ஒரே ஊர்தான். கூம்பு மலைகள், ஊசியிலை மரங்கள், செங்குத்தான சிவப்புக் கூரை, அதன்மேல் புகைபோக்கி! கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும் நாள்காட்டிகளிலும் நாங்கள் கண்ட ஐரோப்பியச் சிற்றூர் அது. அதை வரைவது தவறு என்று நாங்கள் கூறவில்லை. கற்பனைக் காட்சி எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்து வரைந்தால் அழகு கூடும் என்பதே எங்கள் கருத்து.

பதினாறாம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்தவர் பீட்டர் புரூகல் என்னும் ஓவியர். அவர் நாடு பெரும்பாலும் சமவெளி. இளமையில் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்று வந்தார். 1565-இல் அவர் தீட்டிய 'பனியில் வேடர்கள்' என்ற படத்தில், உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் மக்கள் அவர் நாட்டவர். பின்னே நிமிர்ந்து நிற்கும் சிகரங்களோ பயணத்தில் கண்டவை! கண்ட இரண்டு இடங்கள் சேர்ந்து, எங்குமே இல்லாத மூன்றாவது ஊர் ஒன்று பிறந்தது. 1566-இல் அவர் பெத்லகேமையே பனி மூடிய தம் நாட்டுக் கிராமமாக வரைந்தார். குடிக்கணக்கு எழுத வந்த கூட்டத்தினிடையே, கழுதைமேல் அமர்ந்த மரியன்னையையும் தோளில் வாள் சுமந்த தச்சர் சூசையப்பரையும் நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் தாமிரபரணிக் கரைக்கும் இத்தகைய ஓவியர்கள் வந்ததுண்டு. ஆங்கிலேயரான தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் 1792-இல் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்து, பாபநாசம் அருவியைக் கண்டு வரைந்தனர். தாயகம் திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை 144 படங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டனர். அவற்றுள் பாபநாச அருவியும் ஒன்று. நாங்கள் அட்டையில் பனியைக் காண்பது போல, இலண்டன் மக்கள் தாளில் நம் அருவியைக் கண்டனர். பல்லாண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் கைக்கு உதவியது நினைவு மட்டுமன்று. நேரில் நின்று வரைந்த கோட்டுப் படங்களே.

ஆகவே, பயணம் போகும்போது ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். கோட்டுருவம் வரைந்து, பக்கத்தில் வண்ணத்தின் பெயரையும் வெயில் விழும் திசையையும் எழுதிக்கொள்ளலாம். காரணத்தையும் கேட்டறிய வேண்டும். ஐரோப்பாவில் கூரை செங்குத்தாக இருப்பது பனி வழுக்கி விழுவதற்காக. புகைபோக்கி இருப்பது குளிர்காயும் அடுப்புக்காக. காரணம் தெரிந்தவள் வரையும் வீட்டில் மனிதர் வாழ்வர். தொலைவு மலையை வெளிறிய நீலத்தில் தீட்டினால் படத்துக்கு ஆழம் கிடைக்கும்.

'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பர். எங்கள் சுவர் நாங்குநேரி. பனைகளும் குளமும் மேற்கு மலைத்தொடரும் காற்றாலைகளும் சூழ்ந்த இவ்வூருக்கே மரியன்னையும் சூசையப்பரும் இடம் தேடி வருவதாக வரைந்தால் எப்படியிருக்கும்? எந்தத் தெருவில் அவர்கள் முதலில் கேட்பார்கள்? எந்த வீட்டுக் கதவு திறக்கும்? தூரிகையை எடுக்குமுன் நாங்கள் ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.